படிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த முதல் வாரம். சிங்காரப்பேட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். மாதம் ஒருமுறை வந்து போகிறவர். சிறுமி நான்காம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள். தாயின் கையில் மூன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டை இருந்தது. தமிழில் 92.

"வகுப்பிலேயே இவதான் சாமி முதல். டவுன்ல இருக்கிற இங்கிலீசு பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். நீங்க ஒரு கடிதம் குடுத்தா இடம் கிடைக்கும்" என்றார்.

சிறுமியை அருகில் அழைத்து, "என்ன பாப்பா, ஏதாவது ஒரு பாடம் வாசித்துக் காட்டுவாயா?" என்று கேட்டோம். அவள் பழைய தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாள். விரல் வரிவரியாக ஊர்ந்தது. குரல் கணீரென்று ஒலித்தது. ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. தாயின் முகம் மலர்ந்தது. ஆனால் அவளுடைய விரல் ஒரு வரியில் இருக்க, நாவு அதற்கு அடுத்த வரிக்குப் போய்விட்டதை நாம் கவனித்துவிட்டோம்.

நம் மேசைமீது ஒரு திருமண அழைப்பிதழ் கிடந்தது. அதை அவள் கையில் கொடுத்து, மணமகளின் பெயரை வாசிக்கச் சொன்னோம். அவள் அதைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், மீண்டும் அழைப்பிதழைப் பார்த்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்த எழுத்தின் கொம்பு எந்த எழுத்துக்கு உரியது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். கண்களில் நீர் தளும்பியது.

ஐந்தாம் வகுப்புவரை படித்த அந்தத் தாய்க்கு நடந்தது உடனே விளங்கிவிட்டது. "இத்தனை நாளா இவ படிக்கிறான்னு இல்ல சாமி நெனச்சிருந்தேன்" என்று மெல்லச் சொன்னார். நமக்கோ வேறொரு நினைவு வந்து உறுத்தியது. அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவில் இச்சிறுமிக்கு ஒப்புவித்தல் போட்டியில் முதற் பரிசை வழங்கிக் கைதட்டியவர் நாமே அன்றோ!

அன்பார்ந்த பெற்றோரே, நம் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையைக் கண்டு நாம் மகிழ்கிறோம்; வருந்துகிறோம்; அண்டை வீட்டாரோடு ஒப்பிடுகிறோம். ஆனால் அந்த எண் எதனை அளந்தது என்று என்றேனும் கேட்டதுண்டா? இக்கேள்வியை நம் நாட்டில் ஓரிருவர் அல்லர், அரசுகளும் ஆய்வாளர்களுமே கடந்த இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் கண்டதை நம் குடும்பங்களும் அறிந்திருத்தல் நலம்.

இருவகைத் தேர்வுகள்

பள்ளித் தேர்வு ஒருவகை. அது குறிப்பிட்ட பாடத்திலிருந்து, பெரும்பாலும் பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களிலிருந்தே கேட்கப்படுவது. கரும்பலகையில் எழுதிப் போட்ட விடைகளைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளை, எழுத்தறியாமலே அவ்விடைகளை ஓவியம் வரைவதுபோல் வரைந்துவிட முடியும். கூர்மையான நினைவாற்றல் உடைய பிள்ளைகளே இவ்வாறு தப்பிவிடுகிறார்கள் என்பது வியப்புக்குரியது. நம் சிறுமியும் மந்தபுத்தியுடையவள் அல்லள். மாறாக, மிகுந்த புத்திசாலி. அந்தப் புத்திசாலித்தனமே அவளுடைய குறையை மறைத்துவிட்டது.

மற்றொரு வகை, அடைவுத் தேர்வு அல்லது அடைவு ஆய்வு. இது ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் வழங்குவதற்கன்று. ஒரு மாவட்டத்தில், ஒரு மாநிலத்தில் பிள்ளைகள் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறார்கள் என்று அறிவதற்காக நடத்தப்படுவது. மத்திய அரசின் தேசிய அடைவு ஆய்வு 2017 நவம்பர் 13 அன்று 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு நாடெங்கும் ஒரே நாளில் நடந்தது. ஏறத்தாழ 22 இலட்சம் மாணவர்கள் அதில் பங்கேற்றனர். 2021 நவம்பர் 12 அன்று மீண்டும் நடந்தபோது 34 இலட்சம் மாணவர்கள் எழுதினர். 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்னும் தேசிய மதிப்பீட்டு மையத்தின் வழியாக 3, 6, 9 வகுப்புகளில் 21 இலட்சம் பேர் எழுதினர். தமிழக அரசும் 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்பு மாணவர்களுக்குத் தானே ஓர் அடைவுத் தேர்வை நடத்தியது. இத்தகைய ஆய்வுகளில் எந்தப் பிள்ளையும் தேர்ச்சி பெறுவதுமில்லை, தோல்வியடைவதுமில்லை. எனவே, "நாளை என் மகனுக்கு அரசாங்கத் தேர்வாம், தோற்றுவிட்டால் என்ன செய்வது?" என்று பெற்றோர் அஞ்சுவதற்கு இடமேயில்லை.

மூன்றாவதாக, வீட்டுக்கே வந்து சோதிக்கும் ஆய்வு ஒன்றுண்டு. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வு அது. ஒரு மாவட்டத்திற்கு 30 சிற்றூர்கள், ஒரு சிற்றூருக்கு 20 வீடுகள் எனத் தேர்ந்து, வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளையை அமர்த்தி, ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் நான்கு படிகள்: தனி எழுத்துக்கள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவிலான நான்கு வாக்கியங்கள், இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதை. கணக்கிலும் அவ்வாறே: எண்களை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். அவ்வளவே. பாடப்புத்தகம் இல்லை, மனப்பாடத்திற்கு வழியில்லை. நாம் மேசைமீதிருந்த அழைப்பிதழைக் கொண்டு செய்த சோதனையைத்தான் அவர்கள் நாடு முழுவதும் முறைப்படி செய்கிறார்கள்.

எண்கள் உரைப்பவை

அந்த ஆய்வில் நம் மாநிலத்தின் நிலை என்ன? தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக் கதையைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022-இல் அது ஐந்து பேருக்கும் குறைந்தது. 2024-இல் ஏறத்தாழ பன்னிரண்டு பேராக உயர்ந்தது. இந்திய நாடு முழுமைக்கும் இந்த எண் 2018-இல் 27, 2022-இல் 20, 2024-இல் மீண்டும் 27.

பள்ளிச் சேர்க்கையில் முன்னணியில் நிற்கும் தமிழகமா இவ்வாறு என்று நாம் திகைக்கிறோம். இந்த எண்கள் பற்றிக் கருத்து வேற்றுமைகள் உண்டு. வீட்டு வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் நீட்டும் தாளை வாசிக்கும்போது பிள்ளை கூச்சப்படும். விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறியிடும் தேர்வில் அதே பிள்ளை நன்றாகச் செய்யக்கூடும். ஒரு மொழியில் எளிதாகும் பகுதி மற்றொரு மொழியில் கடினமாகலாம். இவையெல்லாம் நியாயமான வாதங்களே. ஆகவே ஒரு மாநிலத்தை மற்றொரு மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பெருமையோ சிறுமையோ கொள்வதில் பயனில்லை. ஆனால் ஒரே அளவுகோலைக் கொண்டு ஒரே மாநிலத்தை ஆண்டுக்கு ஆண்டு அளக்கும்போது தெரியும் ஏற்றத்தாழ்வு பொய்யாகாது.

2022-இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய ஆண்டு 2020. கொரோனா நோயால் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. அதாவது, அந்தக் குழந்தைகள் முதன்முதலாகப் பள்ளிப் படியை மிதித்தபோதே இரண்டாம் வகுப்பு! 'அ' எழுதக் கற்பிக்க வேண்டிய காலத்தில் பள்ளியே இல்லை. பள்ளி திறந்தபோது புத்தகம் 'அ'வைக் கடந்து சென்றுவிட்டது. நம் இல்லத்தில் கண்ணீரோடு நின்ற சிறுமியும் அந்த அணியைச் சேர்ந்தவளே. அவளுடைய குற்றம் என்ன? ஆசிரியரின் குற்றந்தான் என்ன? எனினும், மூன்றாம் வகுப்பு முடிவில் அவளுக்கு 92 மதிப்பெண் வழங்கி எல்லாம் சரியாக இருப்பதாக நம்பச் செய்தோமே, அது பெரியவர்களாகிய நம் அனைவருடைய குற்றம்.

நம் பகுதியின் தனி இடர்கள்

இவற்றோடு நம் வட்டாரத்துக்கே உரிய இடர்களும் உள்ளன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தினுடையது 71 விழுக்காடு. எனவே பல வீடுகளில் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பார்த்து, 'இது சரி, இது தவறு' என்று சொல்ல ஆளில்லை. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் செல்லும் தந்தையர். சிலபோது தாயும் உடன் செல்ல, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள். செங்கற்சூளைக்கோ கட்டட வேலைக்கோ பெற்றோரோடு இடம்பெயர்ந்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைகளும் உண்டு. திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும்.

மொழியையும் கருத வேண்டும். எல்லைப்புற மாவட்டமாதலால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுத்தைக் கற்கும் பிள்ளைகள் இங்கே பலர். தமிழே பேசும் பிள்ளைக்கும் எளிதன்று. வீட்டில் அது கேட்பது 'வந்துட்டாங்க'. புத்தகத்தில் காண்பது 'வந்துவிட்டார்கள்'. எழுத்துக்களோ 247. கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும், ஆனால் ஒலி பின்னே வரும். ஒகரத்திற்கு ஒரு குறி முன்னும் ஒரு குறி பின்னுமாக நிற்கும். நமக்குப் பழகிப் போனதால் எளிதாகத் தோன்றுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு மலையேற்றம்.

பள்ளியின் அமைப்பும் ஒரு காரணம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஆயின் வகுப்புகளோ ஐந்து! ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளுக்குச் சேர்த்துக் கற்பிக்க வேண்டியுள்ளது. முதல் வகுப்புக்கு எழுத்து காட்டும் வேளையில் மூன்றாம் வகுப்பு பார்த்தெழுதிக் கொண்டிருக்கும். பார்த்தெழுதும் பிள்ளை அமைதியாக இருக்கும். அமைதியாக இருப்பதால் படிப்பதாகவே தோன்றும்.

தேர்வு மருந்தாகுமா?

'கண்டிப்பான தேர்வு இல்லாததே எல்லாவற்றுக்கும் காரணம்; பழைய காலத்தில் ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தி வைப்பார்கள்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்று விதித்தது. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 5, 8 வகுப்புகளில் தேர்வு நடத்த மாநிலங்களுக்கு வழிவிடப்பட்டது. தமிழக அரசு அவ்வாண்டு செப்டம்பரில் இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வை அறிவித்தது. பெற்றோர், ஆசிரியர், கல்வியாளர் எனப் பலதரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத் தேர்வின் அச்சம் வேண்டுமா என்பதே அனைவரின் கேள்வி. 2020 பிப்ரவரி 4 அன்று அந்த அறிவிப்பை அரசு திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் இவ்விரு வகுப்புகளிலும் தேறாதவர்களுக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிடில் அதே வகுப்பு என விதி செய்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான தமிழகத்தின் மாநிலக் கல்விக் கொள்கையோ எட்டாம் வகுப்புவரை நிறுத்தி வைப்பதில்லை என்னும் நிலையையே தொடர்கிறது.

இவ்வழக்கில் இருதரப்புக்கும் நியாயம் உண்டு. எனினும் நாம் கண்ட அனுபவத்தைக் கொண்டு ஒன்று சொல்லத் துணிகிறோம். எழுத்தறியாத பிள்ளையை மேலே அனுப்புவதும் தவறு. அதே வகுப்பில், அதே முறையில், அதே புத்தகத்தோடு இன்னோராண்டு அமர்த்துவதும் பயனற்றது. வயது மிகுந்த பிள்ளை சிறியவர்களோடு வெட்கி அமர்ந்து, ஈராண்டில் மாடு மேய்க்கவோ ஓட்டலில் மேசை துடைக்கவோ போய்விடும். நம் தந்தையர் காலத்தில் நின்றுபோனவர்களின் கதை இதுவே. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து கைபிடித்து ஏற்றுவதே வழி. அதை அறிவதற்குத்தான் தேர்வு, தண்டிப்பதற்கன்று.

படியறிந்து கற்பித்தல்

இக்கருத்து தமிழகத்துக்குப் புதிதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிகன் குரு, நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். எழுத்தறிந்த மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டார். அது 'மதராசு முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. நம் சட்டாம்பிள்ளையின் புகழ் கடல் கடந்தது எனலாம்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு, ஏணிபோல் அமைந்த படிகளில் அவரவர் வேகத்தில் ஏறினர். 2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். எழுத்தை அறியாத பிள்ளை மூன்றாம் வகுப்பாயினும் அரும்புதான். வாசிக்கத் தெரிந்த பிள்ளை மலர். அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் திட்டம் விரிந்தது. 2024-இல் சோதிக்கப்பட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2022-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். அதாவது, பள்ளி மூடப்படாத காலத்தில், இத்திட்டத்தின் முதல் அணியாகக் கற்றவர்கள். ஐந்துக்கும் கீழிருந்த எண் பன்னிரண்டாக உயர்ந்ததற்குப் பொருள் இங்கே இருக்கக்கூடும்.

பசித்த வயிற்றோடு பிள்ளை எழுத்தை நோக்காது என்பதும் மறக்கற்பாலதன்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 சூலை 15 அன்று ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் அதன் தொடக்க விழா நடைபெற்றதை நம் வாசகர்கள் அறிவார்கள். விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு இது எத்துணை ஆறுதல்!

தராசில் விரல்

இங்கே ஓர் எச்சரிக்கை. மாங்காய் மண்டியில் எடை போடும்போது தராசில் விரலை வைப்பவனை நாம் மன்னிப்பதில்லை. அடைவுத் தேர்வு வருகிறதென்று முன்மாதிரி வினாக்களை நாள்தோறும் உருப்போடச் செய்வதும், தேர்வன்று விடையைக் குறிப்பால் உணர்த்துவதும், எழுத்தறியாத பிள்ளையை அன்று விடுப்பெடுக்கச் சொல்வதும் எங்கே நிகழ்ந்தாலும் அவையும் தராசில் வைத்த விரலே. உயர்ந்த எண் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை நம்பி, 'இங்கே உதவி வேண்டியதில்லை' என்று முடிவு செய்துவிடுவார்கள். ஏமாந்தது அரசு அன்று, பிள்ளை.

ஆசிரியர்களையும் நாம் கடிந்துகொள்வதற்கில்லை. இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேரப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து, பதிவேடுகளையும் எழுதி முடிக்கும் அவர்களிடம், 'ஏன் என் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தது?' என்று சண்டைக்குப் போகும் பெற்றோரே அவர்களைத் தராசில் விரல் வைக்கத் தூண்டுகிறார்கள். உண்மையைச் சொல்லும் ஆசிரியருக்கு நன்றி சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்?

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, மாதம் ஒருமுறை நீங்களே பிள்ளையைச் சோதியுங்கள். பாடப்புத்தகம் வேண்டா. பேருந்தின் பெயர்ப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, மளிகைப் பொட்டலமாக வந்த செய்தித்தாள், இந்த இதழின் ஒரு பத்தி, எதுவாயினும் பிள்ளை முன்பு கண்டிராததாக இருக்கட்டும். எழுத்தா, சொல்லா, வாக்கியமா, கதையா, எதுவரை வாசிக்கிறது என்று பாருங்கள். வாசித்தபின், 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று கேளுங்கள். உங்களுக்கே வாசிக்கத் தெரியாவிடில் வருந்தாதீர்கள். பிள்ளை தயங்குவதும் தடையின்றிச் செல்வதும் காதுக்குத் தெரியும்.

இரண்டாவது, தடுமாறினால் அடிக்காதீர்கள்; பரிகசிக்காதீர்கள். அச்சத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது மறைக்கும் கலையை மட்டுமே. நாள்தோறும் கால் மணி நேரம் போதும். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் செய்யுங்கள். மூத்த பிள்ளையை இளையவனுக்குச் சட்டாம்பிள்ளையாக்குங்கள், இருவரும் கற்பர்.

மூன்றாவது, பிள்ளையோடு பேசுங்கள், கதை சொல்லுங்கள். காதில் விழாத சொல்லைக் கண் எளிதில் வாசிப்பதில்லை. வீட்டில் வேறு மொழி பேசுவோர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. தாய்மொழியில் கதை கேட்ட பிள்ளைக்குக் கதை என்றால் என்னவென்று தெரியும். குடும்ப செபத்தின்போது திருநூல் பகுதியை வாசிக்கும் பொறுப்பைச் சிறுவர்களிடம் முறைவைத்து ஒப்படையுங்கள். திக்கினாலும் பெரியவர்கள் பொறுமையாகக் காத்திருக்கட்டும்.

நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பங்கேற்றுக் கேளுங்கள். சட்டப்படி அதன் உறுப்பினருள் நான்கில் மூவர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அங்கே சென்று கட்டடத்தையும் கழிவறையையும் பற்றிக் கேட்பதோடு, 'மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள்? வாசிக்காதவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம்? எங்களால் ஆகக்கூடியது என்ன?' என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது, ஆங்கிலப் பள்ளி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். அறிந்த மொழியிலேயே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, அறியாத மொழியில் இன்னும் நன்றாக மனப்பாடம் செய்யக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே.

எழுபத்தொன்று

நம் சிறுமியின் கதையை முடித்துவிடுவோம். நாம் கடிதம் கொடுக்கவில்லை. தாயும் வற்புறுத்தவில்லை. அதே பள்ளிக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் வகுப்பாசிரியையிடம் சொன்னார். அந்த ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். மாலையில் அரைமணி நேரம் இவளையும் இவளைப் போன்ற இன்னும் நால்வரையும் அமர்த்தி எழுத்திலிருந்து தொடங்கினார். ஆம், இன்னும் நால்வர் இருந்தனர்! வீட்டில் தாய், தீப்பெட்டி அட்டைகளைக் கிழித்து எழுத்துக்களை எழுதி, சமையற் கட்டின் சுவரில் ஒட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்தப் படிப்பு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பயன்பட்டது.

அரையாண்டு விடுமுறையில் அவர் மீண்டும் வந்தார், முகம் வாடியிருந்தது. "தமிழ்ல 71தான் சாமி. போன வருசம் 92. படிக்க வெச்சும் கொறஞ்சு போச்சே!" என்றார்.

நாம் அதே மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சிறுமியிடம் கொடுத்தோம். பங்கு மக்களுக்கான ஓர் அறிவிப்பு அது. அவள் விரலை வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, சில இடங்களில் நின்று, ழகரத்தை ளகரமாக ஒலித்து, ஆனாலும் தன் கண்ணாலேயே வாசித்தாள். விரலும் நாவும் ஒரே வரியில் இருந்தன. முடித்ததும், "நாளைக்குச் சாயங்காலம் கூட்டம்னு போட்டிருக்கு" என்று தாயிடம் சொன்னாள்.

"அம்மா, அந்தத் தொண்ணூற்றிரண்டு அவளுடைய நினைவாற்றலுக்குக் கிடைத்தது. இந்த எழுபத்தொன்று அவளுக்கே கிடைத்தது" என்றோம். அவர் அட்டையை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

பின்னொரு நாள் பேருந்து நிறுத்தத்தில் அவர்களைக் கண்டோம். தொலைவில் வரும் வண்டியின் பலகையைப் பார்த்து, "இது செங்கம் போறதும்மா, நமக்கு ஊத்தங்கரை வண்டி" என்று சிறுமி தாயைப் பிடித்து நிறுத்திக் கொண்டிருந்தாள்.

நூற்றுக்குப் பன்னிரண்டு என்று ஆய்வு சொல்லும்போது, எஞ்சிய எண்பத்தெட்டுப் பேரையும் நாம் எண்களாகவே காண்கிறோம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, வழிதவறிய ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமை நமக்குத் தெரியும். இங்கே தவறியிருப்பவையே மிகுதி. அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டிலேயே, கணீரென்ற குரலில் பாடம் ஒப்பித்துக்கொண்டு இருக்கலாம். இன்றிரவே ஒரு தாளை எடுத்து அதன் கையில் கொடுத்துப் பாருங்கள்.